2030 கிரகணம்: டர்பன் பீச்சா, ஃப்ரீ ஸ்டேட் மேட்டுநிலமா?

2030 நவம்பர் 25, திங்கட்கிழமை காலைல முழு சூரிய கிரகணம், நிழல் நமீபியால தொடங்கி போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்காவோட ஃப்ரீ ஸ்டேட் மாகாணம், லெசோத்தோ வழியா நம்ம டர்பன் மேலயே கடலுக்குள்ள போகுது. அப்புறம் எதுக்கு ஃப்ரீ ஸ்டேட்டுக்கு வண்டி எடுக்கணும்னு டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதி ஆளுங்க கேக்கறது நியாயம்தான்.

பீச்ல இருந்தா சூரியன் கடல் பக்கம் கிழக்குல, மறைக்க ஒண்ணும் இல்ல. நிழல் முதுகுப்பக்கமா நிலத்துலேர்ந்து வந்து நம்மளத் தாண்டி தண்ணி மேல ஓடுறத பாக்கலாம், கிரகணம் விட்டதும் குளிச்சே ஆகணும்னு சொல்ற பெரியவங்களுக்கும் கடல் ரெடியா இருக்கு. ஆனா நவம்பர்னா இங்க மழை சீசன், கடல் ஈரத்துல காலைலயே மேகம் மூடிக்கிச்சுன்னா அம்புட்டுதான்.

ஃப்ரீ ஸ்டேட்னா என்3 நெடுஞ்சாலை பிடிச்சு வான் ரீனன் கணவாய் ஏறணும், முந்தின நாளே போய் தங்கணும், திங்கள் லீவும் போடணும். அங்கயும் அது மழைக்காலம்தான், ஆனா இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் கட்டும், காலை வானம் தெளிவா இருக்க சான்ஸ் அதிகம். ஒண்ணு, நிழல் போற பாதையோட நடுக்கோட்டுக்கு கிட்ட நின்னாதான் இருட்டு நீளமா இருக்கும், அதனால மேப் பாத்து ஊர் பிடிங்க.

என் ஓட்டு ஃப்ரீ ஸ்டேட்டுக்கு. சின்னப் பசங்க, வயசானவங்க இருந்தா டர்பன்லயே இருங்க. எங்க நின்னாலும் ஐஎஸ்ஓ 12312-2 தரம் போட்ட கிரகணக் கண்ணாடி வேணும், முழுசா மறைஞ்ச அந்த கொஞ்ச நேரம் மட்டும் கழட்டலாம்.