அயர்லாந்துப் பெயர் வகுப்பு: கோர்க் போகிறவர்களுக்கு அருமை, டொனிகோல் போகிறவர்கள் கவனம்

கல்லடிப் பாலத்துக்கு அங்கால ஒரு மாடியில் நடக்கிற வகுப்பைப் பற்றிப் பலபேர் விசாரிக்கிறபடியால் எழுதுகிறேன். அயர்லாந்தில் தாதி வேலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் போகிறவர்களுக்கான ஆங்கில வகுப்பு இது. ஐஈஎல்டிஎஸ் படிக்க மட்டக்களப்பில் வேறு இடங்களும் இருக்கின்றன. இங்கே விசேஷம், அந்த நாட்டு ஆட்களின் பெயரைச் சரியாகச் சொல்லப் பழக்குகிற பகுதி. அதுக்காகத்தான் சேர்ந்தேன்.

ரீச்சர் அயர்லாந்தின் தெற்கே கோர்க் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர். பலகையில் எஸ், ஐ, ஓ, பி, எச், ஏ, என் என்று எழுதிவிட்டு வாசிக்கச் சொல்வார், வகுப்பே ஒரே குரலில் சியோபான் என்று சொல்லும், அவர் சிரிக்காமல் ‘ஷிவோன்’ என்பார். “அப்ப அந்த பி எங்க போச்சு மிஸ்?” என்று அக்கரைப்பற்றுத் தங்கச்சி ஒருவர் கேட்டதில் இருந்துதான் பாடமே சூடுபிடித்தது. அந்த நாட்டின் சொந்த மொழியான ஐரிஷில் பிக்குப் பின்னால் எச் வந்தால் ‘வ்’ ஓசை, எம்முக்குப் பின்னால் வந்தாலும் அதே. அதனால் என், ஐ, ஏ, எம், எச் என்று எழுதியிருந்தால் நீவ். எழுத்தின் தலையில் ஃபாடா என்ற சாய்கோடு இருந்தால் நெடில், குறில் நெடில் படித்து வளர்ந்த நமக்கு இது லேசு. ஷோன் என்ற பெயரில் அந்தக் கோட்டை விட்டுவிட்டால் ‘பழைய’ என்று பொருள்படுகிற வேறு சொல் ஆகிவிடும்.

ஆகப் பிடித்தது பதிவுப் பெயர் பற்றிய பாடம். அயர்லாந்தில் பிறப்புப் பதிவு 1864இல் தொடங்கியது, பிரித்தானிய ஆட்சி, பதிவெல்லாம் ஆங்கிலத்தில். ஐரிஷ் பெயருக்கு ஆங்கிலத்தில் எது கொஞ்சம் ஒத்து ஒலிக்குதோ அதைப் போட்டுவிடுவார்கள், பொருளுக்கும் அதுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. டைக் திமோத்தி ஆனான், டீர்மிட் ஜெரமையா ஆனான், கொனர் கொர்னேலியஸ் ஆனான், கொப்னிட் என்ற பெண் பெயருக்கு அபிகேல் அல்லது டெபோரா. கோர்க், கெரி பக்கத்து வயதானவர்களின் கோப்பில் இன்றைக்கும் கொர்னேலியஸ் என்று இருக்கும், வாயில் வெறும் கொன். முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காத ஆட்கள் உண்டு என்றார் ரீச்சர். பதிவில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வாழ்கிற நமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சரி, குறைக்கு வருவோம். சொல்லித்தருவது முழுக்க மன்ஸ்டர், அதாவது தெற்குப் பக்கத்து உச்சரிப்பு. எனக்கு வேலை லெற்றர்கென்னியில், அது டொனிகோல் மாவட்டம், வடக்கே அல்ஸ்டர் மாகாணம் (அல்ஸ்டரின் ஒன்பது மாவட்டங்களில் மூன்று அயர்லாந்துக் குடியரசில்தான் இருக்கின்றன, வட அயர்லாந்து என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்). ரீச்சர் குவீவா என்று பழக்கின பெயரை அங்கே கீவா என்பார்கள். ஷோன் அங்கே ஷான், ஆங்கிலத்தில் ஷேன் என்று எழுதுகிற பெயர் வந்ததே அந்த உச்சரிப்பில் இருந்துதான். ஷிவோனில் தெற்கத்தியார் கடைசி அசையை அழுத்துவார்கள், வடக்கில் முதல் அசையை அழுத்தி ஷிவன் என்று சுருக்கிவிடுவார்கள். இதைக் கேட்டதுக்கு “அங்க போனாப் பழகும் மனே” என்று சொல்லிவிட்டார். மட்டக்களப்புப் பேச்சை மட்டும் படித்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் வேலைக்குப் போய் நிற்கிற மாதிரித்தான் இது. வகுப்பில் தருகிற அச்சுத்தாளிலும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே உச்சரிப்புத்தான், அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்காதீர்கள், பக்கத்தில் இருப்பவருடையதைப் போனில் படம் எடுத்தால் போதும்.

மறுகா நான் கண்டுபிடித்தது அபர் (abair) என்ற, எழுதினதை வாசித்துக் காட்டுகிற இணையதளம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஒலியியல் ஆய்வுகூடம் இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. ஐரிஷ் எழுத்துக்கூட்டல்படி, ஃபாடாவை விடாமல் தட்டச்சு செய்து, மன்ஸ்டர், மேற்குப் பக்கத்துக் கொனாக்ட், அல்ஸ்டர் மூன்றில் எதுவென்று தெரிவு செய்தால் வாசித்துக் காட்டும். வகுப்பையும் இதையும் சேர்த்துப் பிடித்தால் நல்லது. ஆனால் இரண்டையும் முடிவாக எடுக்க ஒண்ணா. நடிகை சேர்ஷா ரோனன் தன் பெயரைச் சேர்ஷா என்கிறார், அதே எழுத்துக்கூட்டலோடு சீர்ஷா என்பவர்களும் இருக்கிறார்கள், பெயருக்குரியவரிடமே கேட்டுவிட வேண்டும். அப்படி மரியாதையாகக் கேட்பதற்கு ரீச்சர் தனியாகவே பயிற்சி தருகிறார், அதுக்கு முழுப் புள்ளி.

காசு, சாதாரண ரியூஷனை விடக் கொஞ்சம் கூட. பின்னேர வகுப்பில் வெக்கை தாங்காது, ஒரே ஒரு மின்விசிறி, காலை வகுப்பைக் கேளுங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள், மாதம் மாதம் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்வார்கள்.