மெக்கானிக்கலுக்குள் ஆட்டோமேஷனா, தனி மெக்கட்ரானிக்ஸா?

இன்ஜினியரிங்கில் மெக்கானிக்கல் எடுத்து அதற்குள் ஆட்டோமேஷன் (இயந்திரங்களைத் தானாக இயங்க வைப்பது) பழகுவதா, இல்லை மெக்கானிக்கலோடு எலக்ட்ரானிக்ஸும் கன்ட்ரோலும் கலந்த மெக்கட்ரானிக்ஸைத் தனிப் படிப்பாக எடுப்பதா? பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்.

அடித்தளம்: மெக்கானிக்கலில் வெப்பவியல், இயந்திர வடிவமைப்பு ஆழமாக வரும். மெக்கட்ரானிக்ஸில் அவை சுருங்கி, எலக்ட்ரானிக்ஸும் கன்ட்ரோலும் கூடும்.

ஆய்வகம்: இதை நேரில் போய்ப் பாருங்கள். 24 வோல்ட் சென்சார் சிக்னல் பிஎல்சிக்கு (இயந்திரங்களை இயக்கும் ஆலைக் கணினி) போய், சோலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறக்கும் வால்வு) திறந்து, 6 பார் அழுத்தக் காற்றில் சிலிண்டர் தண்டு நீள வேண்டும். நீளவில்லையா? லேடர் புரோகிராமில் (பிஎல்சிக்கு எழுதும் நிரல்) பிழையா, வயர் கழன்றதா, காற்றுக் கசிவா என்று தேடத் தெரிந்தவர்தான் ஆலைக்குத் தேவை. மெக்கானிக்கலில் இதற்குப் பெரும்பாலும் ஓரிரு பாடங்கள்தான். மீதியை நீங்களே பழக வேண்டும்.

மேற்படிப்பு: எம்.டெக் போன்ற படிப்புகளுக்கான கேட் (GATE) தேர்வில் மெக்கானிக்கலுக்குத் தனித்தாள் உண்டு, மெக்கட்ரானிக்ஸுக்கு இல்லை.

எந்தத் துறை என்று மனம் இன்னும் தெளியவில்லையா, மெக்கானிக்கல் எடுங்கள். கன்ட்ரோல் பேனலைக் கண்டாலே திறந்து பார்க்கத் தோன்றுகிறவர்களுக்கு மெக்கட்ரானிக்ஸ்.