எதிர்காற்றுக்கு அசையாத என் 12 வேக டிஸ்க் கோல்ஃப் தட்டு: மூன்று வருடம் கழித்து

போன வாரம் என்னோடு டிஸ்க் கோல்ஃப் (தட்டை எறிந்து கூடையில் சேர்க்கும் ஆட்டம்) ஆடும் நண்பர் ஒருவர் கேட்டார், "ஓவர்ஸ்டேபிள் டிஸ்டன்ஸ் டிரைவர் ஒன்று வாங்கணும், இப்ப விலையும் குறைஞ்சிருக்கு, எதை எடுக்கலாம்?" தூரம் எறிவதற்கான தட்டுதான் டிஸ்டன்ஸ் டிரைவர், வேகத்திலும் கவிழாமல் கடைசியில் பலமாக இடது பக்கம் இறங்குவது ஓவர்ஸ்டேபிள். உடனே பதில் சொல்ல முடியவில்லை. மூன்று வருடமாக என் பையில் ஒன்று இருக்கிறது. தயாரிப்பவர் தட்டில் அச்சடிக்கும் பறக்கும் எண்களில் வேகம் 12, ஃபேட் (கடைசியில் பக்கவாட்டில் இறங்கும் அளவு) 4, எடை 174 கிராம், கெட்டியான பளபள பிளாஸ்டிக். அதன் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. கோபமும் அதனால்தான்.

நான் ஆடுவது கான்சஸில். 2016 டிஸ்க் கோல்ஃப் உலகச் சாம்பியன்ஷிப் நடந்த எம்போரியா பக்கம் வசந்த காலத்தில் ஆடியவர்களுக்குத் தெரியும், தெற்குக் காற்று ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது. அந்தக் காற்றுக்கு நேர் எதிரே மற்ற டிரைவர்களை எறிந்தால் பாதி வழியிலேயே வலது பக்கம் கவிழ்ந்து, விளிம்பில் நின்று உருண்டு, எங்காவது தண்ணீரில்தான் போய் முடியும் (வலது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறியும் பேக்ஹேண்டைச் சொல்கிறேன்). இது அப்படி இல்லை. கையை விட்டதும் கொஞ்சம் வலது பக்கம் சாயும், போச்சு என்று நினைப்போம், அதற்குள் தானாக நிமிர்ந்து மட்டமாகி, கடைசி 60 அடியில் இடது பக்கம் இறங்கித் தரையில் 'சொத்' என்று குத்தி நிற்கும். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி. காற்றடிக்கிற நாளில் பயமில்லாமல் முழு பலத்தோடு எறிய முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எறிந்து பார்த்தால்தான் தெரியும்.

சரி, தொலைந்தால் என்ன செய்வது என்று போன வருடம் இன்னொன்று வாங்கினேன். அதே பெயர், அதே எடை, அதே பிளாஸ்டிக், அதே எண்கள். முதல் எறியிலேயே வலது பக்கம் போய்த் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளிம்பில் அச்சின் இரண்டு பாதிகளும் சேருகிற அந்தக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தேன். பழையதில் கோடு மேலே இருக்கிறது, புதியதில் கண்ணுக்கே தெரிகிற அளவு கீழே. புதியதன் முதுகும் உப்பலாக இருந்தது. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குவதில் வரும் வித்தியாசம் இது, கோடு உயர உயரத் தட்டு காற்றுக்கு அதிகம் தாங்கும். கடையில் கேட்டால் "ஒவ்வொரு தடவை அச்சில் வார்க்கும்போதும் கொஞ்சம் மாறும்" என்றார்கள். மாறும் என்றால் இரண்டிலும் ஒரே எண்ணை ஏன் அச்சடிக்க வேண்டும்? இந்த ஆட்டத்தின் சங்கமான பி.டி.ஜி.ஏ. அளவு, எடை போன்றவற்றைத்தான் சரிபார்த்து அனுமதிக்கிறது, பறக்கும் எண்கள் முழுக்கத் தயாரிப்பவர் சொல்வது. அதனால் தயவுசெய்து ஆன்லைனில் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், கடைக்குப் போய் நாலைந்தைக் கையில் எடுத்துத் தட்டையான முதுகும் உயர்ந்த கோடும் உள்ளதைப் பொறுக்குங்கள்.

அப்புறம் இன்னொரு விஷயம். காற்றில்லாத நாளில் மற்ற டிரைவரில் என் நல்ல எறி 320 அடி. இந்தத் தட்டு போவது 270 அடி. அப்படி ஒரு நாளில் இன்னொரு நண்பரின் ஃபயர்பேர்டை (அதுவும் ஓவர்ஸ்டேபிள் தட்டுதான்) வாங்கி எறிந்தேன், வேகம் 9தான், 255 அடி போனது, பிடிக்கவும் சுலபம். பதினைந்து அடிக்காக இவ்வளவு அகலமான விளிம்பை இறுக்கிப் பிடித்து விரல் வலிக்க வேண்டுமா? 350 அடிக்கு மேல் எறிகிறவர் என்றால் இது சரி. என்னிடம் கேட்ட நண்பர் 300 தாண்டுவதில்லை. அவருக்கு ஃபயர்பேர்டையே வாங்கச் சொல்லிவிட்டேன்.

புதியதை விற்றாயிற்று. பழையதன் அடியில் எழுதியிருந்த என் போன் நம்பர் பாதி அழிந்திருந்தது, நேற்று ராத்திரி கருப்பு மார்க்கரால் மறுபடி பெரிதாக எழுதி வைத்தேன்.