எப்போதும் ஆன்லைனா, அடியோடு ஆஃபா, நேரம் வைத்துப் பார்ப்பதா? ஒரு ஏலக்காய் ஆபீசில் மூன்றையும் பார்த்தாயிற்று

கேரள எல்லைக்குள் இருக்கிற குமுளியில் ஒரு ஏலக்காய் வியாபார ஆபீசில் பில், இ-வே பில் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு), கணக்கு வழக்கு எல்லாம் பார்க்கிறேன். வீடு கம்பத்தில். காலையில் பஸ் லோயர் கேம்ப் தாண்டி, மின் நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் அந்தப் பெரிய குழாய்களைக் கடந்து மேலே ஏறும்போது கொஞ்ச தூரத்துக்கு சிக்னல் இருக்காது. அப்புறம் கேரளா டவர் பிடிக்கும், பிடித்ததும் சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பிக்கும், பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற வரைக்கும் நிற்காது. லோடு குரூப், ஸ்டோர் குரூப், வசூல் குரூப், டிரான்ஸ்போர்ட் குரூப் என்று வேலைக்காக மட்டும் 11 குரூப்பில் இருக்கிறேன். அன்றைக்கு எந்த பில்லை முதலில் போடுவது, யாரிடம் பாக்கி கேட்பது என்று ஒழுங்காக யோசிக்க முடிவது அந்த சிக்னல் இல்லாத பத்து நிமிடத்தில் மட்டும்தான் என்று ஒருநாள் உறைத்தது. இதை இப்படியே விடக்கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

ஒன்றரை வருஷத்தில் மூன்று வழியையும் பார்த்துவிட்டேன். நாள் முழுக்க நெட்டை ஆனில் வைத்து வரவரப் பதில் சொல்வது ஒன்று, வேலை நேரத்தில் அடியோடு அணைத்து வைப்பது இன்னொன்று, நேரம் குறித்து ஒரு நாளைக்கு மூன்று தடவை மட்டும் பார்ப்பது மூன்றாவது. இதில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது, என்ன வேலை செய்கிறவர் என்று முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆபீசிலேயே ஏலத்துக்குப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு 2007இல் மின்னணு ஏலம் கொண்டுவந்ததிலிருந்து இந்தத் தொழிலே மாறிவிட்டது. இன்றைக்கு ஏலம் நடப்பது தமிழ்நாட்டுப் பக்கம் போடியில், கேரளப் பக்கம் புற்றடியில். வாங்குகிறவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், லாட் (ஒரே தொகுப்பாக ஏலம் போகிற சரக்கு) ஒவ்வொன்றின் சாம்பிளும் கைக்கு வரும், காயின் நிறத்தையும் பருமனையும் பார்த்து விலையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். எட்டு எம்.எம். காய், பச்சை நன்றாக இருக்கிறது, எவ்வளவு வரை போகலாம் என்று வடநாட்டுப் பார்ட்டியிடம் கேட்டுப் பதில் வாங்க அவருக்கு இருப்பது சில நொடிகள். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட நேரத்தில் அரை நிமிடம் பதில் வராமல் போனால் லாட்டே கைவிட்டுப் போயிருக்கும். அவரைப் போய் போனை அணைத்து வை என்று சொல்வது முட்டாள்தனம். ஏல ஹாலில் எப்போதும் ஆன் என்பதுதான் சரியான வழி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அவருக்குச் சரியாக இருக்கிற பழக்கத்தை முதலாளி எல்லோருக்கும் விதியாக்கிவிட்டார். நீல டிக் விழுந்து ஐந்து நிமிடத்தில் பதில் இல்லை என்றால் "என்னப்பா, சீட்டில் இல்லையா?" என்பார். பில் போடுகிறவன் சீட்டில் இருப்பதால்தான் பதில் வரவில்லை என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு விபத்து தேவைப்பட்டது.

போன வருஷம் விருதுநகருக்கு ஒரு லோடு. 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில் வேண்டும், அதில் வண்டி நம்பர் சரியாக இருக்க வேண்டும். டிரான்ஸ்போர்ட்டிலிருந்து வண்டி நம்பர் வாய்ஸ் மெசேஜாக வந்தது. கேட்டுக்கொண்டே டைப் அடிக்கிறேன், நடுவில் வசூல் குரூப்பில் ஒருவர் செக் போட்டோ போட்டு "வந்துருச்சா பாருங்க" என்கிறார், ஸ்டோரிலிருந்து ஈரக்காய் எவ்வளவு வந்தது என்று கணக்கு வருகிறது, அதற்கு ஒரு ஓகே, இதற்கு ஒரு கட்டைவிரல். 4731 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 4713 என்று அடித்திருக்கிறேன். ராத்திரி தேனி தாண்டி வண்டியைப் பிடித்துவிட்டார்கள். நம்பரில் ஒன்றிரண்டு எண் மாறியிருந்தால் வெளிமாநில லோடுக்கு 1,000 ரூபாய் அபராதத்தோடு விடலாம் என்று 2018 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது, அதைக் காட்டிப் பேசி வண்டி நகரும்போது விடிந்துவிட்டது. 1,000 ரூபாய் பெரிய பணம் இல்லை. ஆனால் டிரைவர் அண்ணன் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ரோட்டோரம் நின்றார், காலையில் இறக்க வேண்டிய சரக்கு சாயங்காலம் இறங்கியது, அந்த பார்ட்டி அடுத்த லோடை வேறு ஆளிடம் வாங்கினார். டிரைவரிடம் நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிளோரியா மார்க் என்பவர், வேலைக்கு நடுவே குறுக்கீடு வந்தால் என்ன ஆகிறது என்று பல வருஷமாக ஆராய்ந்து வருகிறார். அவரும் கூட்டாளிகளும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் வந்த முடிவு எனக்கு அப்படியே பொருந்தியது. குறுக்கீடு இருந்தால் ஆட்கள் வேலையை இன்னும் வேகமாக முடிக்கிறார்களாம், அதற்கு விலையாக மன அழுத்தமும் எரிச்சலும் அவசர உணர்வும் கூடுகிறதாம். அன்றைக்கு நானும் வேகமாகத்தான் இருந்தேன். 11 குரூப்பிலும் பதில் போயிருந்தது, பார்க்கிற யாருக்கும் இவன் சுறுசுறுப்பாக வேலை செய்கிறான் என்றுதான் தோன்றியிருக்கும்.

அந்தக் கோபத்தில் அடுத்த திங்கட்கிழமையே இரண்டாவது வழிக்குப் போனேன். காலை பத்து மணிக்கு டேட்டாவை அணைத்தால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் போடுவது. முதல் நாள் மதியத்துக்குள் பில் எல்லாம் முடிந்துவிட்டது, நம்ப முடியவில்லை. இரண்டாம் நாளே கை அரித்தது. யார் என்ன கேட்டிருப்பார்கள், முதலாளி எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று மனது அங்கேயே ஓடியது. மூன்றாம் நாள், ஒரு பார்ட்டி காலை 11 மணிக்கு டெலிவரி முகவரியை மாற்றியிருந்தார், நான் பார்த்தது சாயங்காலம், வண்டி அதற்குள் கிளம்பிப் போயிருந்தது. அணைத்து வைப்பதால் எனக்கு மிச்சமான நேரத்தை வேறு யாரோ அலைந்து கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்தோடு நிறுத்திவிட்டேன்.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் இல்லை. 2019இல் வெளியான ஒரு ஆய்வு, அதுவும் நம் நாட்டு ஆட்களை வைத்தே செய்தது, 237 பேரை நாலாகப் பிரித்து இரண்டு வாரம் பார்த்தது. ஒரு கூட்டத்துக்கு நோட்டிஃபிகேஷன் வழக்கம்போல வரும், ஒரு கூட்டத்துக்கு மணிக்கு ஒரு தடவை மொத்தமாக வரும், ஒரு கூட்டத்துக்கு நாளைக்கு மூன்றே தடவை, கடைசிக் கூட்டத்துக்கு வரவே வராது. மூன்று தடவை வாங்கியவர்கள்தான் கவனமாக இருந்ததாகவும், வேலை ஓடியதாகவும், மனது லேசாக இருந்ததாகவும் சொன்னார்கள். அடியோடு நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த நன்மை பெரிதாகக் கிடைக்கவில்லை, எதையோ தவறவிடுகிறோம் என்ற பதற்றம்தான் கூடியது. 2015இல் ஈமெயிலை வைத்துச் செய்த ஒரு ஆய்விலும் ஒரு நாளைக்கு மூன்று தடவை மட்டும் பார்த்தவர்களுக்கு மன அழுத்தம் குறைந்தது.

சரி, மூன்று தடவை. காலை 11 மணி, மதியம் 2 மணி, சாயங்காலம் 5 மணி. ஆனால் இதை நான் மட்டும் தனியாகச் செய்திருந்தால் இரண்டாவது வழியைப் போலவே படுத்திருக்கும். இது ஓடியதற்குக் காரணம் எங்கள் ஸ்டோரில் காய் உலர்த்துகிற சேட்டன். அவர் குரூப்பில் எதுவுமே எழுத மாட்டார். "அத்யாவச்யம் உண்டெங்கில் விளிச்சா மதி" என்பார், அவசரம் என்றால் கூப்பிட்டால் போதும் என்று. ராத்திரி முழுக்க உலர்த்தும் அறையின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர், கொஞ்சம் கூடினால் காயின் பச்சை போய்விடும், பச்சை போனால் விலை போய்விடும், அவரால் குரூப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர் சொன்னதையே விதியாக்கலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். வண்டி நிற்கிறது, முகவரி மாறுகிறது, பணம் தவறிப் போகிறது, இந்த மூன்றுக்கும் போன் அடிக்க வேண்டும், மற்றதெல்லாம் குரூப்பில் போட்டுவிட்டு அடுத்த நேரம் வரை காத்திருக்க வேண்டும். விபத்துக் கதையும் கையில் இருந்ததால் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்தது. போன் அடிக்க வேண்டும் என்றதும் அவசரம் தானாகக் குறைந்துவிட்டது. மெசேஜ் தட்டிவிடுவது சுலபம், ஒரு ஆளைக் கூப்பிட்டு அவர் வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றால் நாமே ஒரு நொடி யோசிக்கிறோம். நாளைக்கு நாலைந்து போன் வருகிறது, எல்லாமே எடுக்க வேண்டிய போன்தான்.

கூடவே இரண்டு சின்ன மாற்றம் செய்தோம், இவை இல்லாவிட்டால் மூன்றாவது வழி பாதிதான் வேலை செய்யும். ஒன்று, "அண்ணே" என்று மட்டும் அனுப்பிவிட்டு நான் "சொல்லுப்பா" என்னும் வரை காத்திருக்கிற பழக்கத்தை விட்டோம். பார்ட்டி பெயர், லாட், எத்தனை மூட்டை, எந்த வண்டி என்று முழுதும் ஒரே மெசேஜில் வர வேண்டும். இரண்டு, வண்டி நம்பர் வாய்ஸில் வரக்கூடாது, நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். முன்பு வாரத்துக்கு ஒரு பில்லாவது கேன்சல் செய்து திரும்பப் போடுவேன், இப்போது மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.

பகல் கணக்கு இப்படித் தீர்ந்தது. ராத்திரிக் கணக்குதான் தீரவில்லை. பிரான்சில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரம் முடிந்த பிறகு தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமைக்குச் சட்டம் இருக்கிறது. இங்கே சுப்ரியா சுலே 2018இல் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. கடைகளில் நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கு உட்காரும் உரிமையை 2018இல் கேரளா கொடுத்தது, 2021இல் தமிழ்நாடும் கொடுத்தது. அதைப்போல இதுவும் மலை தாண்டி வரும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. ஆனால் சட்டம் வந்தாலும் முதலில் அது எட்ட வேண்டிய ஆட்கள் என்னைப் போன்ற ஆபீஸ்காரர்கள் இல்லை.

கம்பத்திலிருந்து விடியற்காலை ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களுக்கும் இப்போது குரூப் இருக்கிறது. நாளைக்கு வேலை உண்டா, எத்தனை ஆள் வேண்டும் என்று ராத்திரி ஒன்பதுக்கு வரும், சில நாள் பத்தரைக்கும் வரும். முதலில் பதில் போடுகிறவர்களுக்குத்தான் ஜீப்பில் இடம். எங்கள் தெரு அக்கா ஒருவர் நாலு மணிக்கு எழுந்து சோறு பொங்க வேண்டியவர். "போனைத் தலைமாட்டுலயே வச்சுதான் தம்பி படுக்குறது, பாக்காம விட்டா நம்ம எடத்துல வேற ஆள் உக்காந்துரும்" என்றார். அவருக்கு மூன்று தடவை பார்க்கிற வழியும் கிடையாது, அணைத்து வைக்கிற வழியும் கிடையாது. அந்த மெசேஜைத் தவறவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு.

தோட்டத்துக்கு நாளைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்பது சாயங்காலம் ஐந்து மணிக்கே மேஸ்திரிக்குத் தெரியும், காயைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒன்பது மணி வரை இழுப்பது வெறும் பழக்கம். நாங்கள் காய் வாங்குகிற ஐந்து தோட்டத்து ஆட்களின் நம்பரும் என்னிடம் இருக்கிறது. மாலை 6 மணிக்குள் ஆள் கணக்கைச் சொல்லிவிடுவதாக ஒரு தோட்டம் ஒத்துக்கொண்டு இரண்டு வாரமாகச் சொல்லியும் வருகிறது. மற்ற நாலு பேரிடமும் இந்த ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன், மெசேஜில் இல்லை, நேரில் போய்.