காரிலிருந்து கரண்ட் எடுத்துச் சமைக்க எது தோது: இண்டக்‌ஷனா, ரைஸ் குக்கரா, எலெக்ட்ரிக் பிரஷர் குக்கரா?

கேம்பிங்குக்கு எந்த அடுப்பு வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்களிடம் என்ன வண்டி இருக்கிறது என்பதைத்தான். பெட்ரோல், டீசல் கார் என்றால் டேஷ்போர்டில் உள்ள 12 வோல்ட் சாக்கெட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும், அதாவது 120 முதல் 180 வாட்டுக்குள் கதை முடிந்தது. நெக்ஸான் இவி, கிரெட்டா எலெக்ட்ரிக், ஐயோனிக் 5 மாதிரி பேட்டரியிலிருந்து வீட்டு கரண்ட் போலவே வெளியே தரும் வி2எல் வசதி உள்ள மின்சாரக் கார் என்றால் (எல்லா வேரியன்ட்டிலும் வராது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்) மூன்று கிலோவாட்டுக்கு மேல் வெளியே எடுக்கலாம், கிட்டத்தட்ட வீட்டுச் சமையலறையின் 16 ஆம்பியர் பாயிண்ட் மாதிரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு யூனிட் அளவுக்குத் தாங்கும் பவர் ஸ்டேஷன், அதாவது கையோடு எடுத்துப்போகும் பெரிய பேட்டரிப் பெட்டி, இருக்கிறது. தூக்கினால் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும்.

12 வோல்ட் கெட்டிலை முதலிலேயே கழித்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 0.1 யூனிட் வேண்டும். 150 வாட்டில் கணக்குப் போட்டாலே 40 நிமிடம், வெளியே குளிர்காற்று அடித்தால் இன்னும் இழுக்கும். குழந்தைக்குப் பால் சூடு பண்ண, கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைச் சுட வைக்க சரி, சமைக்க ஆகாது. சிலர் கார் பேட்டரியில் நேராக ஒரு பெரிய இன்வெர்ட்டரை மாட்டி 1500 வாட் எடுக்கப் பார்ப்பார்கள். 12 வோல்ட்டில் அதற்கு 125 ஆம்பியருக்கு மேல் போகும். வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கென்றே செய்த பேட்டரி அதற்கு இல்லை, காலையில் மலையில் வண்டி தள்ள ஆள் தேட வேண்டிவரும்.

வி2எல் இருந்தால்தான் உண்மையான போட்டியே. கெட்டிலைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை, 1500 வாட் கெட்டிலில் ஒரு லிட்டர் நான்கைந்து நிமிடத்தில் கொதித்துவிடும், டீக்கும் முகம் கழுவவும் அது கையோடு இருக்கட்டும்.

இண்டக்‌ஷனின் பலம் வேகமும் தாளிப்பும். கடுகு வெடித்த உடனே சூட்டைக் குறைக்கலாம், ஆம்லெட் போடலாம், வீட்டில் பழகிய மூன்று லிட்டர் குக்கரை அப்படியே ஏற்றி விசில் எண்ணலாம். ஆனால் அந்தக் குக்கரின் அடியில் ஃபிரிட்ஜ் காந்தம் ஒட்டுகிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள், வெறும் அலுமினியம் என்றால் அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். தோசை விஷயத்திலும் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். இரும்புக் கல் நன்றாகவே காயும், ஆனால் அடுப்புக்குள் இருக்கும் கம்பிச் சுருள் ஒரு சாண் அகலம்கூட இருக்காது, அதனால் நடுவில் முறுகும்போது ஓரம் வெள்ளையாகவே கிடக்கும். ஊத்தப்பம் அளவுக்குச் சின்னதாக ஊற்றினால் பிரச்சனை இல்லை.

பவர் ஸ்டேஷன்காரர்களுக்கு இண்டக்‌ஷனில் இன்னொரு தலைவலி உண்டு. 400 வாட்டுக்குக் குறைத்து வைத்தாலும் விலை குறைந்த பல அடுப்புகள் உண்மையில் குறைவாக எடுப்பதில்லை, ஆயிரம் வாட்டுக்கு மேல் சில விநாடி இழுத்து, சில விநாடி விட்டு, சராசரியாகத்தான் 400 ஆக்குகின்றன. ஸ்டேஷனின் உச்ச வரம்பு 1000 வாட் என்றால் ஒவ்வொரு இழுப்பிலும் அது தன்னை அணைத்துக்கொள்ளும். வீட்டு கரண்ட் போல சுத்தமான சைன் அலை தராத மலிவு இன்வெர்ட்டரில் மாட்டினால் அடுப்பே போய்விடலாம்.

இந்த இடத்தில்தான் எளிய ரைஸ் குக்கர் ஜெயிக்கிறது. 700 வாட், உள்ளே ஒரு ஹீட்டிங் பிளேட், சூடு ஏறியதும் தட்டிவிடும் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். மலிவு இன்வெர்ட்டர் கரண்டிலும் ஓடும். தக்காளி சாதம், கிச்சடி, மேல் தட்டில் இட்லி எல்லாம் வரும். ஆனால் அழுத்தம் இல்லை. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி எப்படியோ வெந்துவிடும், துவரம் பருப்பு மட்டும் மலர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கடற்கரைப் பக்கம் கூடாரம் போடுபவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது.

மலைக்கு அடிக்கடி போகிறவர் என்றால் என் ஓட்டு எலெக்ட்ரிக் பிரஷர் குக்கருக்குத்தான். பல மாடல்கள் 1000 வாட்டுக்குள் அடங்கும், பாத்திரம் ஒரு உறைக்குள் உட்கார்ந்திருப்பதால் காற்று சூட்டைத் திருடாது, அழுத்தம் ஏறியபின் அவ்வப்போதுதான் கரண்ட் எடுக்கும். சாம்பார் சாதத்தை வைத்துவிட்டு நடக்கப் போய்விடலாம். தாளிப்புக்கு அதிலேயே வதக்கும் பொத்தான் உண்டு, ஆனால் அடி ஆழமான பாத்திரம், கரண்டி பிடித்துக் கிளற வசதி குறைவு. ஐந்தாறு லிட்டர் மாடல் டிக்கியில் நல்ல இடம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்ஃப்ராரெட் அடுப்பில் எந்தப் பாத்திரமும் வைக்கலாம், மண்சட்டி உட்பட. ஆனால் அணைத்த பின்னும் கண்ணாடி வெகுநேரம் சுடும், குழந்தைகள் ஓடும் இடத்தில் எனக்குப் பிடிக்காது. ஏர் ஃபிரையரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சமைத்தால் ரேஞ்ச் குறைந்துவிடுமே என்ற பயம் வீண். நான்கு பேருக்கு ஒருநாள் சமையல் இரண்டு யூனிட்டைத் தாண்டாது, ஓட்டத்தில் சொன்னால் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை ஆளோடு 1,700 கிலோ எடையுள்ள கார் 1,700 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. அந்த இறக்கத்தின் ஆற்றலே ஏழெட்டு யூனிட், ரீஜெனில் (வேகம் குறைக்கும்போது மோட்டாரே பேட்டரியை சார்ஜ் செய்வது) பாதி திரும்பினால்கூட சமையல் செலவு வந்துவிடும்.

பார்க்க வேண்டியது ஒரே நேரத்தில் எத்தனை வாட் என்பதைத்தான். கெட்டில் 1500, இண்டக்‌ஷன் 1600, சேர்ந்தால் 3100, தாங்கும். அப்போதே யாராவது ரைஸ் குக்கரையும் தட்டிவிட்டால் எல்லாம் ஒன்றாக அணையும். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் முக்கியம், எர்த் உள்ள, குறைந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாக இருக்கட்டும். சுருள் மாடல் என்றால் முழுவதும் அவிழ்த்துவிட்டு ஓட்டுங்கள், சுற்றியபடியே 2000 வாட் எடுத்தால் உள்ளே உருகும். இரவில் பனி இறங்கும் இடங்களில் அந்தப் பெட்டியைப் புல்லில் போடாமல் ஸ்டூல் மேலோ டிக்கிக்குள்ளோ வைத்துவிடுங்கள்.