தொலைநிலை பி.எட்.: காசிமேட்டு வகுப்பறையில் எவ்வளவு பயன்பட்டது?

வட சென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான் இடைநிலை ஆசிரியை. டி.டி.எட். என்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து வேலைக்கு வந்தவள். 2022-ல் தொலைநிலைக் கல்வியில் பி.எட். சேர்ந்து 2024-ல் முடித்தேன். "சேரலாமா மிஸ்?" என்று ராயபுரம், கொருக்குப்பேட்டை ஆசிரியர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

முதலில் தகுதியைப் பாருங்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளின்படி, பட்டம் பெற்றவர்களில் தொடக்கக் கல்விப் பயிற்சியோடு பணியில் இருப்பவர்களும், ஏற்கெனவே நேரடி ஆசிரியர் பயிற்சிப் படிப்பு ஒன்றை முடித்தவர்களும்தான் இதில் சேரலாம். வெறும் பி.எஸ்ஸி.யோடு தனியார் பள்ளியில் பாடம் எடுப்பவரிடம் "சீட் வாங்கித் தருகிறோம்" என்று வரும் ஏஜென்ட்டுகளை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அரசு ஆசிரியர்கள் அந்தக் காலம் போல மேற்படிப்புக்கு இரண்டு இன்கிரிமென்ட் வரும் என்று நினைத்தும் சேர வேண்டாம். 2020 மார்ச்சிலேயே அது நின்றுவிட்டது.

புத்தகங்கள் தாமதமாகத்தான் வந்தன. ஒப்படைப்புகளை (அசைன்மென்ட்) கையால் எழுத வேண்டும். அதிலும் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றபோது, கரண்ட் இல்லாமல் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதியது தனிக்கதை. ஆனால் என் உண்மையான கோபம் வேறு. பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்ததற்குத் திரும்பி வந்தது ஒரு டிக்கும் மதிப்பெண்ணும்தான். எது சரி, எது சரியில்லை என்று ஒரு வரி கிடையாது. காசு வாங்கிக்கொண்டு ஒப்படைப்பை எழுதிக் கொடுக்கும் கடைகளுக்கு வியாபாரம் நடப்பதும் இதனால்தான். திருத்துகிறவர் படிப்பதில்லை என்று தெரிந்தால் எவன் உட்கார்ந்து எழுதுவான்?

இத்தனைக்கும் பிறகு ஏன் சேரச் சொல்கிறேன் என்றால், பாடம் படிக்கும் இரவுக்கும் வகுப்பில் நிற்கும் காலைக்கும் நடுவே இடைவெளியே இல்லை என்பதால்தான். வகுத்தல் பாடத்துக்குக் குறிப்பு எழுதியபோது, 'பிள்ளையின் சூழலிலிருந்து தொடங்கு' என்று புத்தகம் சொன்னதை நம்பி, 12 மீனை, சந்தையில் குவித்து விற்பது போல 4 கூறாகப் பிரிப்பதாக வைத்தேன். கரும்பலகையில் வரைந்து முடிப்பதற்குள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்துவிட்டான். அவன் அம்மா மீன் விற்கிறவர்.

"கூறு ஒரே மாதிரி இருக்காது மிஸ். கீழ பொடி போட்டு, மேல பெருசா ஒண்ணு வச்சுக் காட்டுவாங்க."

வகுப்பே சிரித்தது. பாடத்தை அங்கேயே மாற்றினேன். எண்ணிக்கை சமமாக இருப்பது ஒன்று, அளவு சமமாக இருப்பது வேறொன்று. இரண்டையும் பிள்ளைகளே மணிகளை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஒப்படைப்பில் இதையும் எழுதினேன். அதற்கும் ஒரு டிக். ஆனால் நேரில் போய் உட்காரும் தொடர்பு வகுப்பில் சொன்னபோது, எண்ணூரிலிருந்து வரும் ஒரு டீச்சர் அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் வகுப்பில் செய்து பார்த்து, மறு வாரம் அங்கே என்ன நடந்தது என்று வந்து சொன்னார். எனக்கு வேண்டியிருந்த திருத்தம் அவரிடமிருந்துதான் கிடைத்தது.

தொடர்பு வகுப்பு கிண்டி தாண்டி. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் போய்விடலாம். 2021-ல் விம்கோ நகர் வரை பாதை வராமல் இருந்திருந்தால், வீட்டு வேலையையும் வைத்துக்கொண்டு நான் சேர்ந்தே இருக்க மாட்டேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு இது புரியும்.

நான் சேர்ந்த அதே 2022 ஜூனில்தான் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாகக் கற்றல் நிலை பிரித்துப் பிள்ளைகளை உட்காரவைக்கச் சொன்னார்கள். எதற்கு இப்படிப் பிரிக்கிறோம் என்ற கேள்வி எனக்கு இருந்தது. பி.எட். உளவியல் தாளில் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியைப் படித்தபோது ஓரளவு பிடிபட்டது. தானாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவே இருக்கும் தூரத்தில்தான் கற்பித்தல் நடக்கிறது என்கிறார். அதன் பிறகு அரும்புப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் மலரில் இருக்கும் ஒருவரை உட்காரவைத்தேன். எல்லா நாளும் வேலை செய்யாது, சில நாள் இரண்டும் சேர்ந்து அரட்டைதான்.

2020 அக்டோபரிலிருந்து மத்திய அரசின் தீக்ஷா தளத்தில் ஆன்லைனாக வரும், ஆசிரியர்களுக்கான நிஷ்டா பயிற்சிகளையும் முடித்தேன். அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கு மட்டும் 12 தொகுதிகள். செலவில்லை, வேண்டிய நேரத்தில் பார்க்கலாம். ஆனால் வீடியோவிடம் "என் வகுப்பில் இப்படி நடக்கவில்லையே" என்று சொல்ல முடியாது. அதனால் பி.எட்.டுக்கு இது மாற்று இல்லை.

இன்னொரு விஷயத்தையும் கணக்கில் வையுங்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. பி.எட். முடித்ததால் டெட்டிலிருந்து தப்ப முடியாது. ஆனால் 150-ல் 30 மதிப்பெண்ணுக்கு வரும் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் பகுதிக்கு அந்த உளவியல் புத்தகமே எனக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. தொடர்பு வகுப்பில் சேர்ந்த நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறோம். எண்ணூர் டீச்சர் கணக்கு எடுக்கிறார், நான் உளவியல்.