ஆங்கில ஆய்வகம்: இணைய வீடியோ, இறக்கிய ஒலிக்கோப்பு, குரல் தட்டச்சு, குரல் பதிவு – எது எதற்கு?

ஒன்பதாம் வகுப்பில் 40 பேர், ஆய்வகத்தில் 10 கணினி, 40 நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். கணினிக்கு இருவராக 20 பேர் உட்காரட்டும். மற்ற 20 பேர் எழுத்துப்பயிற்சி செய்யட்டும், பாதி நேரத்தில் இடம் மாறலாம். ஒரு கணினிக்கு நால்வர் என்றால் இருவர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

கேட்டல் பயிற்சிக்குப் பலரும் யூடியூபைத்தான் நாடுகிறார்கள். நடுத்தரத் தெளிவுள்ள 480பி வீடியோ ஒன்றுக்கு நொடிக்குச் சுமார் 1 மெகாபிட் வேண்டும். பத்துக் கணினியும் ஒரே நேரத்தில் ஓடினால் 10 மெகாபிட். இணைப்பு தடுமாறினால் பாடவேளையே போய்விடும். அதையே நொடிக்கு 64 கிலோபிட் (64 கேபிபிஎஸ்) அளவுள்ள எம்பி3 ஒலிக்கோப்பாக வைத்திருந்தால் 5 நிமிட ஒலி 2.4 எம்பிதான். முதல் நாளே எல்லாக் கணினியிலும் நகலெடுத்துவிடலாம். மாணவர் புரியாத வரியை நான்கு முறை பின்னால் ஓட்டிக் கேட்பார். புரொஜெக்டரில் ஓடும் வீடியோவில் அது நடக்காது. கேட்டலுக்கு இறக்கி வைத்த கோப்பே மேல். வாயசைவைக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் வீடியோ போதும்.

பேச்சுப் பயிற்சியில்தான் உண்மையான போட்டி: குரல் தட்டச்சா, குரல் பதிவா? பேசுவதை எழுத்தாக்கும் கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு உடனடியாக விடை காட்டுவதால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அது சூழலை வைத்து ஊகிக்கிறது. பன்றிக்கும் பெரியதற்கும் உள்ள ஆங்கிலச் சொற்களை நாம் தமிழில் ஒரே மாதிரி 'பிக்' என்றுதான் எழுதுகிறோம், நம் பிள்ளைகள் பலர் ஒரே மாதிரிதான் உச்சரிக்கவும் செய்கிறார்கள். 'பெரிய வீடு' என்பதை ஆங்கிலத்தில் முழுத்தொடராகச் சொன்னால், முதல் சொல்லைத் தவறாகச் சொன்னாலும் கணினி பெரும்பாலும் சரியாகவே எழுதிவிடும். பிழை மறைந்துபோகும். அதனால் தனிச்சொற்களையே சொல்லச் சொல்லுங்கள், மொழியை 'இங்கிலீஷ் (இந்தியா)' என்று வையுங்கள். பத்துப் பேர் ஒரே அறையில் பேசினால் பக்கத்துக் குரலும் எழுத்தாகும். வரிசைக்கு ஒருவராகப் பேசவிட வேண்டியிருக்கும்.

ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்வது மெதுவான வழி, ஆனால் நேர்மையானது. இணையம் வேண்டாம். மோனோவில் (ஒற்றைத் தட ஒலியில்) வைத்து, ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் நிற்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடப் பேச்சு 64 கேபிபிஎஸ்ஸில் அரை எம்பிகூட வராது. மாதிரிக் குரலையும் தன் குரலையும் மாற்றி மாற்றிக் கேட்கும்போது பிள்ளையின் காது தானே வித்தியாசத்தைப் பிடிக்கிறது. நாங்கள் இதற்கே வாக்களிப்போம்.

'மைக் வேலை செய்யவில்லை' என்ற புகார் வந்தால் முதலில் பிளக்கைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது செல்போன் வகை. மேசைக் கணினியில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனித் துளை இருந்தால், இரண்டாகப் பிரிக்கும் சிறு கேபிள் ஒன்று வேண்டும்.